சின்னமுட்டம் துறைமுகத்துக்கு முதல் தடவை போகிறீர்களா?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் நிஜமாகவே வேலை நடக்கிற ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஆட்டோவில் ஏறும்போது மட்டும் 'சின்னமுட்டம்' என்று அழுத்திச் சொல்லுங்கள். வெறும் முட்டம் என்பது கலங்கரை விளக்கம் உள்ள வேறு ஊர், மேற்கே குளச்சல் பக்கம்.

முதலில் நாளைப் பாருங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இங்கே விசைப்படகுகளுக்குத் தடை. மாவட்டத்தின் மேற்குக் கரையில், அதாவது குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கணக்கு! ஜூன் முதல் இரண்டு வாரம் எந்தப் பக்கம் போனாலும் விசைப்படகு எல்லாம் கரையில்தான் கிடக்கும், வள்ளம் என்கிற நாட்டுப்படகும் கட்டுமரமும்தான் போய்வரும். ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள், மீனவர்கள் சர்ச்சுக்குப் போகிற நாள், பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

அடுத்து நேரம். துறைமுகம் என்றாலே விடியற்காலை என்று நினைத்து அலாரம் வைத்து எழுந்து போனவன் நான். அப்போதுதான் படகுகள் வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தன. இங்கே காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புகிற தொழில், அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் போங்கள். குளச்சல் படகுகள் போல நாள்கணக்கில் கடலில் தங்காததால், இங்கே இறங்குவது அன்றைக்குப் பிடித்த மீன்.

தரை முழுக்க ஐஸ் தண்ணியும் செதிலும்தான், கழுவக்கூடிய ரப்பர் செருப்பு போதும். உள்ளே போனதும் ஒரு ஓரமாகத் தூணை ஒட்டி நின்றுகொள்ளுங்கள், முக்கியமான பாடமே இதுதான். மீன் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர் உங்களுக்காக நிற்க மாட்டார், நிற்கவும் முடியாது. நான் நடுவில் நின்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "மக்கா, மாறு!" என்று ஒரு சத்தம், திரும்புவதற்குள் முழங்கால் வரை ஐஸ் தண்ணி. தப்பு என்னுடையதுதான். படம் எடுக்க ஆசை இருந்தால், "அண்ணே, ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். படகில் ஏற வேண்டாம்.

அப்புறம் ஏலம். மீனைக் கொட்டி இனம் பிரிப்பதை முதலில் பாருங்கள்: கணவாய் ஒரு பக்கம், நவரை ஒரு பக்கம், இறால் தனியாக, பொடிமீன் கடைசியில் ஒரு குவியல். பிரிக்கிற கைகள் மீனைப் பார்ப்பதே இல்லை, வாயில் வேறு ஏதோ வீட்டுக்கதை ஓடிக்கொண்டிருக்கும். ஏலம் விளிக்கிறவர் சொல்கிற தொகை கிலோவுக்கு அல்ல, அந்தக் குவியலுக்கோ பெட்டிக்கோ. எண்கள் அவ்வளவு வேகமாகப் போகும், ஐந்து நிமிஷம் நின்றால்தான் காதுக்குப் பிடிபடும். அங்கே நின்று தலையாட்டுவது, கையைத் தூக்குவது எல்லாம் வேண்டாம்.

நாலு பேர் சாப்பிட வாங்குவதென்றால், ஏலம் முடிந்தபிறகு சருவத்தோடு, அதாவது அகன்ற பாத்திரத்தோடு, உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் போங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை பழையபடி எழும்ப வேண்டும். கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது, இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். இங்கே நெய்மீன் என்பதுதான் சென்னைக்காரர்களின் வஞ்சிரம், பெயர் தெரியாமல் நல்ல மீனை விட்டுவிடாதீர்கள். விலை கொஞ்சம் பேசலாம், ரொம்ப இழுக்காதீர்கள், "நீயே கடலுக்குப் போய்ப் பிடிச்சுக்கோ" என்று பதில் வரும்.

வாங்கியதை இரண்டு கவரில் ஐஸ் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒற்றைக் கவரோடு பஸ் ஏறிய அன்று, பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் தண்ணி சொட்டி, நாகர்கோவில் வரை நின்றுகொண்டே வந்தேன்.