ஒரே குமிழில் 70 முதல் 140 மெகாஹெர்ட்ஸ்: விசிஓ கட்டும் முறை

விசிஓ என்றால் வோல்டேஜை மாற்றி அலைவெண்ணை நகர்த்தும் ஆஸிலேட்டர். வேரக்டர் டையோடு (வோல்டேஜுக்கேற்ப கெபாசிட்டன்ஸ் மாறும் டையோடு) வைத்துக் கட்டிய உங்கள் விசிஓ சில மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிட்டு நின்றுவிடுகிறதா? என் மேசையில் 70 முதல் 140 வரை ஓடும் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டிய விதம் இதுதான்.

1. காயில்: 8 மி.மீ. டிரில் பிட்டின் மேல் 0.8 மி.மீ. எனாமல் கம்பியை 4 சுற்று சுற்றி, 8 மி.மீ. நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். ஏறக்குறைய 100 நானோஹென்றி வரும்.

2. கணக்கு: இங்கேதான் நிதானம் வேண்டும். அலைவெண் இரட்டிப்பாக கெபாசிட்டன்ஸ் நான்கு மடங்கு மாறணும். இந்தக் காயிலுக்கு 140-இல் சுமார் 13 பிக்கோஃபாரட், 70-இல் சுமார் 52. ஆனால் ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் முனை, போர்டின் செம்பு, டையோடின் கால் எல்லாம் சேர்ந்து 6 பிக்கோஃபாரட் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கழித்தால் டையோடுகள் 7-இலிருந்து 46 வரை போகணும். நான்கு மடங்கு என்று நினைத்தது ஆறரை மடங்கு ஆகிவிட்டது! அதனால் டேட்டாஷீட்டில் முதலில் டையோடின் அதிகபட்ச, குறைந்தபட்ச கெபாசிட்டன்ஸ் விகிதத்தைப் பாருங்கள். மதிப்பு போதாவிட்டால் இணையாக இன்னொன்று போடலாம். விகிதம் போதாவிட்டால் வழியே இல்லை.

3. சர்க்யூட்: ஜே310 ஃபெட், ஹார்ட்லி முறை (காயிலின் நடுவில் டேப் எடுத்து ஃபீட்பேக் தருவது). இரண்டு கெபாசிட்டரால் ஃபீட்பேக் தரும் கோல்பிட்ஸ் முறை எனக்குப் பிடிக்காது. அதன் இரண்டு கெபாசிட்டரும் காயிலுக்குக் குறுக்கே நிலையாக உட்கார்ந்து வீச்சைத் தின்றுவிடும். கேட்டுக்கு 10 பிக்கோஃபாரட் வழியாகப் போங்கள். காயிலின் சூடான முனைக்கு (கிரவுண்டில் சேராத, கேட் பக்க முனை) அடியில் செம்பு வேண்டாம்.

4. டையோடுகள்: கேத்தோடோடு கேத்தோடு சேர்த்து எதிரெதிராக வையுங்கள். நடுவில் 47 கிலோ ஓம் வழியாக டியூனிங் வோல்டேஜ். இப்படி வைத்தால் மொத்த மதிப்பு ஒரு டையோடின் மதிப்பில் பாதிதான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் பழைய டிவி டியூனரைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே வேரக்டர்கள் இருக்கும்.

5. டியூனிங் வோல்டேஜ்: மூன்று 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் பாட் (குமிழ் வைத்துத் திருப்பும் பொட்டென்ஷியோமீட்டர்). வோல்டேஜ் 20 வோல்ட் மாறும்போது அலைவெண் 70 மெகாஹெர்ட்ஸ் நகரும் என்றால் வோல்ட்டுக்கு மூன்றரை மெகாஹெர்ட்ஸ். ஒரு மில்லிவோல்ட் இரைச்சலே மூன்றரை கிலோஹெர்ட்ஸ் ஆட்டும். அதனால் இரைச்சல் போடும் மலிவான பூஸ்ட் கன்வெர்ட்டரை (வோல்டேஜை ஏற்றித் தரும் சர்க்யூட்) தொடவே வேண்டாம்.

சோதிக்க: ஆன்டெனா மாட்டாமல், பக்கத்தில் ரேடியோவில் கோடை எஃப்.எம். 100.5 வையுங்கள். குமிழ் அந்த இடத்தைக் கடக்கும்போது பாட்டு அடங்கும்.

பின்சேர்க்கை: கீழ்முனையில் அலைவு நின்றுபோகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். குறைந்த வோல்டேஜில் டையோடின் தரம் (க்யூ) விழுந்து இழப்பு கூடுகிறது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், அல்லது காயில் டேப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். அப்புறம், நம்ம ஊர் கத்திரி வெயிலில் டையோடின் கெபாசிட்டன்ஸ் ஏறி அலைவெண் கீழே நகரும். உலோகப் பெட்டியில் மூடி, அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே குமிழைச் சுற்றி அலைவெண் அளவுகோல் குறியுங்கள்.