ஆச்சி வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகும்போது நாம் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போன முதல் வருஷம் நான் ஒரு அட்டவணையே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். காலையில் கையெழுத்துப் பயிற்சி, பத்து மணிக்கு ஓவியம், சாயங்காலம் ஊர் சுற்றல். கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர் செங்கோட்டையில் போய் இறங்கிய மூன்றாம் நாள் பார்த்தால், அம்மா, அதாவது பிள்ளைகளின் ஆச்சி, அந்தத் தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருந்தாள். கோபம் வந்தது. ஆனால் அந்தத் தாள் அதற்குத்தான் லாயக்கு என்று புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆச்சிக்கு ஒரு நாள் ஓடுவதற்கென்று ஏற்கெனவே ஒரு போக்கு இருக்கிறது. விடியலில் முற்றம் தெளிப்பதில் தொடங்கி, ராத்திரி உலை அரிசி களைந்து வைப்பது வரை. அந்தப் போக்குக்குள் பிள்ளைகளை இறக்கிவிடாமல், நம் அட்டவணைக்குள் அவளை இழுத்துப் போடுகிறோம். பிள்ளைகளுக்கு அது இன்னொரு பள்ளிக்கூடம், அவளுக்கு ரெட்டை வேலை.

கூழ் வத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் கூழ் காய்ச்சி, தட்டட்டியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும் (மொட்டை மாடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). என் ஆறு வயது மகன் ஊற்றியது எல்லாம் கேரள வரைபடம் மாதிரி நீண்டு கிடந்தது. பாதிக்கூழ் அவன் வாய்க்குள். ஒன்பது வயது மகளுக்குக் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, காக்கா விரட்ட நிழலில் உட்கார வைத்தாள் அம்மா. மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தார்கள். தண்ணீர் தெளித்தால் ஏன் எளிதாக வருகிறது என்று மகள் கேட்டாள். நான் கொண்டுபோன பயிற்சிப் புத்தகம் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை.

இங்கே நாம் செய்கிற தப்பு, ‘அழுக்காகும்’, ‘சிந்திவிடுவான்’ என்று குறுக்கே பாய்வது. சிந்தட்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் தட்டட்டிக்கு அனுப்பாதீர்கள், அது போதும்.

அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் பல்லாங்குழி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கு, 14 குழி, குழிக்கு ஐந்து, ஆக 70 புளியமுத்து. ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அது பசு, அள்ளிக்கொள்ளலாம். அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டாள். பேரனானாலும் பசுவை அள்ளிவிடுவாள். ‘பாவம், சின்னப்பிள்ளை, ஜெயிக்க விடும்மா’ என்று இடையில் போய் நிற்காதீர்கள். தோற்றுத் தோற்றுத்தான் என் மகன் குழிகளை முன்கூட்டி எண்ணக் கற்றான்.

ஆனால் முத்து எது என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை நஞ்சு. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. வேலியோரத்து மஞ்சள் அரளிக் காயும் அப்படியே. புளியமுத்தே போதும். அதுவும் மூன்று வயதுக்குள் பிள்ளை இருந்தால் எட்டாத இடத்தில், தொண்டையில் சிக்கும்.

சரி, ஆச்சியின் போக்கில் விடுங்கள் என்று சொன்னேன். அதற்காக எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிடக் கூடாது. இரண்டு விஷயம் முழுக்க நம் பொறுப்பு.

ஒன்று மாத்திரை. பெரும்பாலான ஆச்சி, தாத்தா வீடுகளில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பாட்டு மேசையிலோ, தலையணைக்கு அடியிலோ, ஜன்னல் திண்டிலோதான் இருக்கும். தனியாக வாழும் வீட்டில் அது தப்பே இல்லை. பிள்ளைகள் வந்ததும் தப்பாகிவிடுகிறது. சர்க்கரை மாத்திரையில் சில வகைகள், ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். போய் இறங்கியதும் பெட்டியைப் பிரிக்கும் முன் இதைச் செய்யுங்கள்: எல்லா அட்டையையும் ஒரு டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள், வைத்த இடத்தை அம்மாவிடம் காட்டுங்கள். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தால், மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரை அட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு. 108 ஆம்புலன்ஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் உண்டு.

இன்னொன்று தண்ணீர். குற்றாலத்தில் சீசன் ஜூனில்தான், மே மாதம் அருவி காய்ந்து கிடக்கும், பயமில்லை என்பது ஊர்க்காரர்களே சொல்கிற பேச்சு. ஆனால் மலைக்கு மேலே கோடை மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய் உயிரைப் பறித்தது. குளம், கிணறு, அணை, கால்வாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ‘அண்ணன்கூடப் போயிருக்கான்’ என்பது காவல் ஆகாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையில் போன் இல்லாமல் கரையில் நிற்க வேண்டும்; அந்த ஒருவர் முட்டுவலியோடு இருக்கும் ஆச்சியாக இருக்கக் கூடாது.

சுற்றிக்காட்டுவதிலும் பேராசைப்படுகிறோம். ஒரே நாளில் கேரளப் பக்கத்து ஆரியங்காவு, பாலருவி, தென்மலை அணை என்று வேன் பிடித்துப் போய், வளைவுக்கு ஒருவராக வாந்தி எடுத்து வந்தோம் ஒரு வருஷம். பாலருவியைத் தண்ணீர் குறைந்த கோடையில் மூடிவைப்பதும் உண்டு. கேட்காமல் போனால் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த வருஷம் கேரளத்துப் புனலூர் வரை ரயில் மட்டும். 1904இல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதை, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தது. குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்திய கத்தலில் பெட்டியே சிரித்தது. கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் வளைவுகளை எண்ண நினைத்தால் ரயிலிலிருந்து சரியாகத் தெரியாது, ரோட்டிலிருந்துதான் தெரியும். மகன் அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டான்.

போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாம் பார்த்துக்கொண்டே பிள்ளைகளிடம் பிடுங்கினால் எடுபடாது. நுங்கும் மாம்பழமும் கிடைக்கிற மாதத்தில் மூட்டை மூட்டையாகப் பிஸ்கட் கொண்டுபோவதும் அப்படித்தான், அநாவசியம்.

கடைசியாக, தேதி. கேரளத்தில் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பள்ளி விடுமுறை. அதனால் புனலூரில் இருக்கும் அக்கா பிள்ளைகள் முன்னாலோ, நாங்கள் முன்னாலோ, ஒருத்தர் கிளம்பிய மறுநாளே அடுத்தவர் என்று பல வருஷம் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தோம். அம்மா தனியாக இருக்கக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். போன வருஷம் நான் பெட்டி கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னாள்: “ஏட்டி, அவளை ஒரு நாலு நாள் கழிச்சி வரச்சொல்லு. நான் கொஞ்சம் படுத்துக்கிடுதேன்.”