கொடைக்கானலில் முதல் மலைநடை: ஏரிக்கரை சைக்கிளில் தொடங்கி டால்பின் நோஸ் வரை

கொடைக்கானலுக்குப் போகிற பலர் இரண்டு நாளில் பன்னிரண்டு இடம் பார்த்துவிடுகிறார்கள். எல்லாமே வண்டியில்தான். வண்டி நிற்கும், இறங்கிப் படம் எடுப்பார்கள், மறுபடி ஏறுவார்கள். அந்த மலையைக் காலால் ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இதுவரை மலைப்பாதையே நடக்காதவர்களுக்கானது இது. மூன்று நாள் விடுமுறை கையில் இருந்தால் போதும்.

முதலில் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரிக்கோ பர்வதமலைக்கோ போனால் அடிவாரத்திலிருந்து ஏறுவோம், சாமி கும்பிட்டுவிட்டு இறங்குவோம். கஷ்டமான வேலை முதலிலேயே முடிந்துவிடும். கொடைக்கானல் அப்படி இல்லை. ஊரே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலையின் மேல்தட்டில் இருக்கிறது. ஊரின் தெற்கு விளிம்பில் மலை சரேலென்று பெரியகுளம் பக்கமாக விழுகிறது. இங்கே நல்ல பாதைகள் பலவும் அந்தச் சரிவில்தான் போகின்றன. வண்டி உங்களை மேலே கொண்டுவந்து விட்டுவிடும். தெம்பாக இருக்கும்போது இறங்குவீர்கள், களைத்த பிறகு ஏறுவீர்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால்

படி ஏறிப் பழகுங்கள். அபார்ட்மென்ட் படியோ, ரயில்வே மேம்பாலப் படியோ, எதுவானாலும் சரி. வாரத்துக்கு நான்கு நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம், முதுகில் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பையோடு. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை மறுநாள் இறுகி வலிக்கும். பழனிக்கு அடிக்கடி படியேறிப் போகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி பாதி முடிந்த மாதிரி.

ஷூ முக்கியம். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம், அடிப்பகுதியில் ஆழமான பல் இருந்தால் போதும். வாங்கினால் உடனே போட்டுப் பழகுங்கள். புது ஷூவை மலையில்தான் முதலில் போடுவேன் என்றால் குதிகால் கொப்பளித்துவிடும். நுனியில் கட்டைவிரல் அளவு இடம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் நகம் ஷூவில் இடித்து இடித்துக் கறுத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது. சீக்கிரம் காய்கிற பேன்ட், மேலே மெல்லிய டீ ஷர்ட், அதன்மேல் ஸ்வெட்டர், பையில் ரெயின்கோட். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், அதனால் மதுரை வெயிலில் கிளம்பினாலும் ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடலாம். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. அப்புறம், 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது. ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் ஆளுக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.

முதல் நாள்: ஏரியைச் சுற்றி சைக்கிள்

மலைப்பாதை வளைவுகளில் வயிறு கலங்கி வந்திருப்பீர்கள். அன்றைக்கே காட்டுக்குள் போக வேண்டாம். இந்த உயரத்தில் தலைவலி, குமட்டல் என்று வருகிற மலைநோயெல்லாம் பெரும்பாலும் வராது, அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். ஆனாலும் காற்று கொஞ்சம் மெலிந்திருக்கும், முதல் நாள் மாடிப்படி ஏறினாலே இளைக்கும். உடம்பைப் பழக்க ஏரிக்கரைதான் சரியான இடம்.

1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் ஓடையைத் தடுத்து உருவாக்கிய ஏரி இது. அதைச் சுற்றி ஓடும் சாலை சுமார் 5 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். மலை ஊரில் இப்படி ஒரு சாலை கிடைப்பது அபூர்வம். கரையிலேயே வாடகைக்கு சைக்கிள் தருகிறார்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல் இரண்டு நிமிடம் செலவழியுங்கள்:

1. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். முன்சக்கரம் உருளவே கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் தேய வேண்டும்.
2. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் காற்று அடித்துத் தரச் சொல்லுங்கள்.
3. பக்கத்தில் நின்று பாருங்கள், சீட் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும்.

முதல் சுற்று மெதுவாக. குதிரைகள், வேன்கள், படம் எடுக்க நடுச்சாலையில் நிற்கும் குடும்பங்கள் எல்லாம் வரும். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தி மிதியுங்கள், ஆனால் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். நாளைக்கு ஏற்றத்திலும் இதுதான் உங்கள் அளவுகோல்.

படகு, குதிரை இரண்டும் ஆசைப்பட்டால் போகலாம். படகில் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டுங்கள், சும்மா தோளில் தொங்கவிட்டால் பயனில்லை.

மாலையில் கோக்கர்ஸ் வாக். 1872-இல் சரிவின் விளிம்பை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை. மூடுபனி விலகினால் கீழே சமவெளி தெரியும். சும்மா நின்று பாருங்கள். நாளை நீங்கள் நடக்கப்போவது இந்த மாதிரிச் சரிவின் ஒரு சின்னத் துண்டில்தான்.

இரண்டாம் நாள்: வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ்

பாறை ஒன்று டால்பின் மூக்குப் போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் இந்தப் பெயர். கொடைக்கானலை ஒட்டிய சின்ன ஊரான வட்டக்கானலில் வண்டியை விட்டு இறங்கினால் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான். தூரத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள், கிட்டத்தட்ட முழுவதும் இறக்கம்.

காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறி வந்தால் பத்தடி தள்ளிப் போகிறவர் தெரியமாட்டார். சனி, ஞாயிறு என்றால் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பையில் தண்ணீர், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். மழைக்காலம் என்றால் கொஞ்சம் கல்லுப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல் அந்த முடிச்சால் ஒற்றினால் விட்டுவிடும்.

கிளம்பும் முன் லேஸை இப்படிக் கட்டுங்கள். கடைசிக்கு முந்தின துளை வரை வழக்கம்போல. அப்புறம் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு, இரண்டு துளைக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம் நிற்கும்படி செய்யுங்கள். இரண்டு பக்கமும் இப்படி. இப்போது வலது முனையை இடது வளையத்துக்குள்ளும், இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவுக்குள் அசையாமல் உட்கார்ந்துவிடும், விரல் முன்னால் போய் இடிக்காது.

முதலில் வீடுகள், சின்னக் கடைகள். கொஞ்ச தூரத்தில் மரங்கள் சூழ்ந்துகொள்ளும். இங்கிருந்து தரை முழுக்க வேர்தான், படிக்கட்டு மாதிரி பின்னிக் கிடக்கும். வேரின் மேல் கால் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். பனியில் நனைந்த வேர் சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டு வேருக்கு நடுவில் இருக்கும் மண்ணில் பாதத்தை முழுதாகப் பதியுங்கள். ஒவ்வொரு காலடியும் சின்னதாக இருக்கட்டும். முட்டியை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கியே வையுங்கள். ரொம்பச் செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி, நண்டு மாதிரி இறங்குங்கள். கையால் பிடிப்பதானால் உயிருள்ள தடித்த மரத்தை மட்டும். காய்ந்த கிளை உங்களோடு சேர்ந்து வந்துவிடும்.

என் அக்கா மகள் முதல் தடவை வந்தபோது பாதி தூரம் ஓடியே இறங்கினாள். பன்னிரண்டு வயது, எங்கள் யார் பேச்சையும் கேட்கவில்லை. திரும்பி ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு வேரில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் கடை போட்டிருந்த ஒரு அக்கா எலுமிச்சம் பழம் பிழிந்து, சர்க்கரையும் உப்பும் போட்டுக் கொடுத்து, அவள் காலை மடியில் தூக்கி வைத்து, பாதத்தை முட்டியை நோக்கி மெதுவாக வளைத்துப் பிடித்தார். ஐந்தே நிமிடத்தில் இறுக்கம் விட்டது. "எறங்கும்போது காலப் பாரு கண்ணு. மலையப் பாக்கணும்னா நின்னுக்கிட்டுப் பாரு" என்றார். நான் இதுவரை கேட்ட மலைப் பாடங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நடப்பது தனி, பார்ப்பது தனி. செல்ஃபோனுக்கும் இதேதான்.

பாறைக்கு வந்ததும் எல்லோருக்கும் நுனிக்குப் போகத் தோன்றும். விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் தள்ளி உட்காருங்கள், அங்கிருந்தே பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும். பாறை ஈரமாக இருந்தாலோ காற்று பலமாக அடித்தாலோ இன்னும் பின்னால். குழந்தை கையை விடாதீர்கள். பக்கத்திலேயே குணா குகையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2006-இல் நண்பர்களோடு வந்த ஒருவர் ஆழமான குழிக்குள் விழுந்து, அவருடைய நண்பரே கயிற்றில் இறங்கி மீட்டார். அவர் பிழைத்தது பெரிய விஷயம். கம்பிவேலி போட்ட இடத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள்.

திரும்புவதற்கு, இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். முப்பது காலடி, நின்று நான்கு மூச்சு, மறுபடி முப்பது காலடி. குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் முன்னால் போகட்டும், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டால், பாறைக்குப் போய்ச் சேராவிட்டாலும் சரி, அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

காட்டுமாடு எதிரில் வந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள்ளேயே மேயும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் பார்க்கலாம். ஒரு டன் எடைகூட இருக்கும். முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால், அசை போட்டுக்கொண்டு நிற்கிற நிதானம், எல்லாம் சேர்ந்து வீட்டு மாடு என்று நினைக்கவைக்கும். கிட்டே போய்ப் படம் எடுத்தவர்கள் முட்டுப்பட்டிருக்கிறார்கள்.

பார்த்ததும் நில்லுங்கள். சத்தம் போடாதீர்கள், கல் எறியாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். முதுகைக் காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, நடுவில் ஒரு பெரிய மரமோ சுவரோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது பாதையை விட்டு விலக ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். கன்று கூட இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவதுதான் சரி.

மூன்றாம் நாள்: கால் ஒத்துழைத்தால் வெள்ளகவி

காலையில் எழுந்து மாடிப்படி இறங்கிப் பாருங்கள். முட்டிக்குள் குத்தினால் இன்றைக்குப் பிரையன்ட் பூங்காவில் உட்கார்ந்து ஓய்வு எடுங்கள். தொடை மட்டும் வலித்தால் பரவாயில்லை, நடக்க நடக்க இளகிவிடும்.

டால்பின் நோஸைத் தாண்டி இன்னும் கீழே போனால் வெள்ளகவி. மோட்டார் சாலை வருமுன் பெரியகுளம், கும்பக்கரை பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறி வந்த பழைய வழி இது. பல காலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர். அரிசி மூட்டை முதல் கேஸ் சிலிண்டர் வரை ஆள் தலையிலோ குதிரை முதுகிலோதான் போக வேண்டியிருந்தது.

இங்கே உங்கள் பாட்டுக்குக் கிளம்பாதீர்கள். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். தீ பிடிக்கிற காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்தத் தேதியில் மூடியிருந்தால் மூடியதுதான், "சின்ன வழி ஒண்ணு தெரியும் சார்" என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள். செல்ஃபோன் சிக்னல் பல இடத்தில் இருக்காது. எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்கும் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளகவி எல்லையில் ஷூவைக் கழற்ற வேண்டும். ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை, ஊர் முழுக்கச் சாமி என்பது அவர்கள் நம்பிக்கை. சாக்ஸையும் கழற்றி ஷூவுக்குள் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். அடைந்து கிடந்த பாதத்தில் குளிர்ந்த மண் படும். ஒரு திண்ணை ஓரமாக உட்கார்ந்து, கொண்டுபோனதைச் சாப்பிட்டு, பாதத்தைத் துடைத்துக் கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால் பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். ஊர் எல்லைக்கு வந்ததும் லேஸை மறுபடி கட்டுங்கள். இந்தத் தடவை மேல்பக்கம் கொஞ்சம் தளர்வாக. ஏறும்போது கணுக்கால் மடங்க இடம் வேண்டும்.