சைலன்சர் தாங்கி போல்ட் திரும்பத் திரும்ப உடைகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

பைக்கின் சைலன்சரைத் தாங்கும் போல்ட் ஒருமுறை உடைந்தால் மாற்றிவிட்டு மறந்துவிடலாம். அதே இடத்தில் மூன்றாம் முறையும் உடைந்தால் பழுது வேறெங்கோ இருக்கிறது. என்னுடைய பழைய ஒற்றைச் சிலிண்டர் 350 சிசி வண்டியில் எட்டு மாதங்களுக்குள் பின்பக்கத் தாங்கி போல்ட் இருமுறை உடைந்தது. இரண்டாம் முறை பட்டறையில் இன்னும் உறுதியான போல்ட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு போல்ட் தப்பித்துக்கொண்டது, அது பிடித்திருந்த தகடு வெல்டிங் ஓரத்தில் கிழிந்தது. விசை எங்கிருந்து வருகிறது என்று தேடாமல் உடைந்த பாகத்தை மட்டும் பலப்படுத்தினால், அடுத்து பலவீனமான பாகம் எதுவோ அது உடையும்.

பல வண்டிகளில் புகைக்குழாய் மூன்று இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் ஹெட்டில் இரண்டு ஸ்டட்டுகளும் (தலையில்லாத போல்ட்டுகள்) பேக்கிங்கும் (புகை கசியாமல் அடைக்கும் வளையம்) பெண்ட் பைப்பை, அதாவது என்ஜினிலிருந்து வளைந்து வரும் முன்பக்கக் குழாயை, பிடிக்கின்றன. பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப் இருக்கும். பின்னால் ஃபுட்ரெஸ்ட் அருகில் ரப்பர் புஷ் வைத்த தாங்கி இருக்கும். முன்முனை என்ஜினோடும் பின்முனை சேஸிஸோடும் கட்டப்பட்டிருப்பதால், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று அசைந்தால் அந்த அசைவு முழுவதும் இடையிலுள்ள குழாயின் மேல்தான் விழும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 50 அதிர்வுகள் எழுகின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் அது 1,80,000 ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவுகூட இத்தனை முறை நிகழ்ந்தால் இரும்பு களைத்துவிடும்.

வண்டி முழுமையாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நல்ல டார்ச் ஒன்றையும், சரியான அளவு ஸ்பேனர்களையும், சைலன்சருக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உடைந்த முகத்தைப் பாருங்கள்

உடைந்த போல்ட்டை எறிந்துவிடாதீர்கள். அதன் உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாகவும், அதன்மேல் சிப்பியின் முதுகில் இருப்பது போன்ற வளைந்த மெல்லிய வரிகளோடும், மீதிப் பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால், விரிசல் பல நாட்களாக மெல்ல வளர்ந்து கடைசியில் ஒரே நொடியில் முறிந்திருக்கிறது என்று பொருள். வழவழப்பு எந்த ஓரத்தில் தொடங்குகிறதோ, அந்த ஓரம்தான் மீண்டும் மீண்டும் இழுபட்டிருக்கிறது. முகம் முழுவதும் சொரசொரப்பாக இருந்தால், வேகத்தடையில் இடித்தது, வண்டி கீழே விழுந்தது போன்ற ஒற்றை அடியைச் சந்தேகிக்கலாம். முறிந்த இடத்தில் போல்ட் மெலிந்து நீண்டிருந்தால், யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள்.

படி 2: குழாயைச் சுதந்திரமாக விட்டுப் பாருங்கள்

இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனாலும் பட்டறைகளில் இதைச் செய்து நான் பார்த்ததே குறைவு. சைலன்சருக்கு அடியில் கட்டையை வைத்துவிட்டுப் பின்பக்கத் தாங்கி போல்ட்டை மெதுவாகக் கழற்றுங்கள். கடைசி மரையிலிருந்து போல்ட் விடுபடும்போது சைலன்சர் துள்ளி விலகினால், அது இழுத்துப் பிடித்துக் கட்டப்பட்டிருந்தது என்பது உறுதி. துளைக்கும் துளைக்கும் இடையிலுள்ள விலகலையும் அது எந்தத் திசையில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிளாம்ப்பையும் ஹெட்டிலுள்ள நட்டுகளையும் தளர்த்துங்கள். இப்போது துளைகள் தாமாகவே நேருக்கு நேர் வந்துவிட்டால், தவறு பூட்டிய வரிசையில்தான் இருந்திருக்கிறது. அப்போதும் வரவில்லையென்றால், தாங்கித் தகடோ ஃபுட்ரெஸ்ட் கம்பியோ வளைந்திருக்கலாம். அல்லது பொருத்தியிருக்கும் சைலன்சரே அந்த வண்டிக்கு உரிய அளவில் இல்லாமல் இருக்கலாம். பக்கவாட்டு இடைவெளியைத் தக்க கனமுள்ள வாஷரால் நிரப்பலாம். ஸ்க்ரூ டிரைவரைத் துளைக்குள் விட்டு நெம்பி, போல்ட்டை நுழைத்துப் பூட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

படி 3: ரப்பர் புஷ்ஷைச் சோதியுங்கள்

நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். புஷ்ஷின் நடுவில் சிறிய இரும்புக் குழல் ஒன்று இருக்க வேண்டும். போல்ட்டின் இறுக்கத்தை அந்தக் குழல்தான் ஏற்கிறது. அது தொலைந்துபோன வண்டிகளில் போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் நசுங்கி வேலையற்றுப் போகிறது. ரப்பர் கிடைக்கவில்லை என்று நான்கு வாஷர்களை அடுக்கிப் பூட்டியவர்களும் உண்டு. அது தாங்கியை உடைப்பதற்குச் சுருக்கமான வழி.

ரப்பருக்கு அதிர்வைத் தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாயின் சராசரி வெப்பம் 200 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 2.4 மி.மீ. நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம்கொடுக்கும் நெகிழ்ச்சி எங்கேயும் இல்லையென்றால், ஒவ்வொரு பயணத்திலும் குழாய் தாங்கியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

படி 4: என்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள்

என்ஜினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் இடங்கள்தான் மவுண்டிங். என் வண்டியின் பழுது இங்கேதான் ஒளிந்திருந்தது. துளைகள் சரியாகவே பொருந்தின, ரப்பரும் புதியது. முன்பக்க என்ஜின் தகட்டின் அழுக்கைத் துடைத்தபோது, ஒரு நட்டைச் சுற்றிப் பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும் வளையமும், அதன் ஓரத்தில் குங்குமத்தைவிடச் சற்றுக் கறுத்த செந்நிறத் தூளும் தெரிந்தன. இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றோடொன்று நுணுக்கமாக உரசும் இடத்தில் உண்டாகும் துருத்தூள் அது. ஸ்பேனரை வைத்ததும் நட் கிட்டத்தட்ட அரைச் சுற்று எளிதாகத் திரும்பியது.

உங்கள் வண்டியில் சோதிக்க, சாவியை அணைத்துவிட்டு, என்ஜின் உடலும் சேஸிஸ் குழாயும் நெருங்கும் இடத்தில் இரண்டையும் தொடும்படி விரலை வையுங்கள். உதவிக்கு ஒருவரை நிறுத்தி, கிக்கரை மெதுவாக, கம்ப்ரெஷன் தடுக்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள். நேரடியாகப் பூட்டப்பட்ட என்ஜினில் விரலுக்கு எந்த அசைவும் தெரியக் கூடாது. சில வண்டிகளில் என்ஜினையே ரப்பரின் மேல் ஏற்றியிருப்பார்கள். அவற்றில் சிறிய அசைவு இயல்பானது.

படி 5: சரிசெய்து பூட்டுதல்

காரணம் நீங்கிய பிறகே வெல்டிங்குக்குப் போங்கள். தகட்டிலுள்ள விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து, அதில் 3 மி.மீ. துளையிட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. அதன் பிறகு வெல்டு வைக்கலாம். தகட்டை வண்டியில் பொருத்திய நிலையிலேயே இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் வைத்து, கழற்றி எடுத்து மேசையில் முழு வெல்டு வைப்பது நல்லது. இல்லையென்றால் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு துளைகள் மறுபடியும் விலகிவிடும். வண்டியின் மேல் வெல்டு வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

பூட்டும்போது எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். ஹெட்டில் புதிய பேக்கிங் வைத்து, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு நடு கிளாம்ப், கடைசியாகப் பின்தாங்கி. உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள்; இறுக்க அளவையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டைச் சூடான இடத்தில் போடாதீர்கள்; நைலான் இளகிப் பிடியை விட்டுவிடும். முழுவதும் இரும்பாலான லாக் நட் போதும்.

கடைசியாக, ஒவ்வொரு நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறையும் 500 கிலோமீட்டரில் இன்னொரு முறையும் அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு எந்த நட்டில் முறிந்திருக்கிறதோ, அந்த நட்டிலிருந்து சோதனையை மறுபடியும் தொடங்க வேண்டும். என் வண்டியில் முதல் 100 கிலோமீட்டரில் நடு கிளாம்ப்பின் கோடு மட்டும் ஒரு நூல் அளவு விலகியிருந்தது. மீண்டும் இறுக்கிய பிறகு அது நகரவில்லை.