பழுப்பேறிய செஞ்சாவும் நான் மாற்றிய கடையும்

விளக்கொளி விழும் அலமாரியில் கண்ணாடிப் புட்டியில் இருந்த செஞ்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலையை முதன்முதலாக வாங்கியபோது, அது பழுப்பேறி வைக்கோல் வாசம் வீசியது. கொதிநீர் ஊற்றியதே பிழை என்றெண்ணி, நீரை 70 டிகிரிக்கு ஆறவிட்டுப் பார்த்தேன். கசப்புக் குறைந்ததே தவிர மணம் வரவில்லை. ஒளியும் காற்றும் இலையை முன்பே கெடுத்திருந்தன.

அதன்பின், விளைந்த வட்டாரம், பறித்த ஆண்டு, முதல் பறிப்பா என்ற விவரம், யபுகிதா போன்ற இரகப் பெயர் ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்லும் ஜப்பானிய விற்பனையாளர்களிடமிருந்தே நேரடியாக வரவழைக்கிறேன். ஊர்ப்பெயர் மட்டும் போதாது: உஜித் தேயிலை என்ற பெயரில் நாரா, ஷிகா, மியே மாவட்ட இலைகளும் கலக்கலாம், உஜி அமைந்த கியோத்தோ மாவட்டத்தில் பதப்படுத்தியிருந்தால் அது விதிமீறலன்று. அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்ற முறை ஷிசுவோக்கா வட்டாரத்தின் முதல் பறிப்பில் 50 கிராம் மட்டுமே வாங்கினேன். காற்றுப்புகாத அலுமினியப் பையைக் கத்தரித்ததும், ஊசிபோல் சுருண்ட கரும்பச்சை இலைகளிலிருந்து கடற்பாசியின் மணம் எழுந்தது. தபால் செலவு தேயிலை விலையை நெருங்கியதுதான் சற்று உறுத்தியது.