கோயர்சிவ்: புகார்க் கடிதத்தில் எப்போது எழுதலாம்?

பெங்களூரில் கடன் வசூல் முகவரைப் பற்றியோ வீட்டு உரிமையாளரைப் பற்றியோ ஆங்கிலத்தில் புகார் எழுத உட்காரும் நம்மவர்கள், ஃபோர்ஸ்ஃபுல், ஃபோர்சிபிள், கோயர்சிவ் ஆகிய மூன்றில் கைக்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். ஃபோர்ஸ்ஃபுல் பெரும்பாலும் பாராட்டு. அழுத்தந்திருத்தமான பேச்சுக்கே அது பொருந்தும். பூட்டை உடைத்து நுழைந்தால் ஃபோர்சிபிள். அடித்தோ அடிக்காமலோ, பணியாவிட்டால் இன்னது நேரும் என்று அச்சுறுத்தி ஒருவரை இணங்க வைக்கும் செயலுக்குரிய பெயரடைதான் கோயர்சிவ். கர்நாடகம் 2025-இல் சிறுகடன் வசூல் கொடுமைகளுக்கு எதிராகக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அது இடம்பெற்றிருக்கிறது.

இச்சொல்லை ஆளுக்கு அடையாக்குவதைவிட, ரெக்கவரி, மெத்தட்ஸ், ஆக்‌ஷன் போன்ற செயல் குறித்த பெயர்களுக்கு முன்னால் வைப்பதே இயல்பான வழக்கு. அதைவிட முக்கியமானது வரிசை: முதலில் நடந்ததை எழுதுங்கள். இரவு ஒன்பதே முக்காலுக்கு அழைத்தார், மறுநாள் அலுவலக வரவேற்பறையில் நின்று, பணம் வராவிட்டால் ஊரில் அப்பாவிடம் சொல்லி மானத்தை வாங்குவேன் என்று கத்தினார் என்று தேதியோடு எழுதிவிட்டு, அதன்பின் இதனைக் கோயர்சிவ் ரெக்கவரி எனக் குறிப்பிட்டால்தான் சொல்லுக்குப் பலம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தவணைப் பாக்கிக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவுறுத்தியிருப்பதையும் சேர்க்கலாம்.

வாடகையை உயர்த்திக் கேட்பது, எவ்வளவு எரிச்சலூட்டினாலும், கோயர்சிவ் ஆகாது. உங்கள் சாமான்களைச் சட்டவிரோதமாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டால் ஆகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 15-ஆம் பிரிவில், சொத்தை அவ்வாறு முடக்கி உடன்பட வைப்பதையும் கோயர்ஷன் என்றே வரையறுக்கிறது. அப்படிப் பெறப்பட்ட ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்துகொள்ளலாம் என்பது 19-ஆம் பிரிவு.

நீதிமன்ற ஆணைகளில் வரும் 'நோ கோயர்சிவ் ஸ்டெப்ஸ்' (கட்டாயப்படுத்தும் நடவடிக்கை எதுவும் கூடாது) என்னும் தொடரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கைதுக்கு மட்டும் தடையா, விசாரணைக்குமா என்பது அதில் விளங்காது. நீஹாரிகா இன்ஃப்ராஸ்ட்ரக்சர் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே அதனைத் தெளிவற்றது என்று கண்டித்தது. ஆகவே மனுவில் அத்தொடரை மட்டும் வைக்காமல், கைது, வங்கிக் கணக்கு முடக்கம் என எதற்குத் தடை வேண்டுமோ அதைப் பெயர் சொல்லியே கேட்குமாறு வழக்கறிஞரிடம் கூறுங்கள்.