ட்ராக் போடாதீர்கள்: மாற்றுத்திறனாளிகளோடு நாடகம் போடப்போகும் சங்கங்களுக்கு

போன மாதம் பக்கத்து ஊர் சேவைச் சங்கத்து (ரோட்டரி, லயன்ஸ் மாதிரி) இளைஞர்கள் ஒத்திகை பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளுக்குச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம். போனேன். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. அப்புறம் செயலாளர் தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். "வசனம் முழுக்க ஸ்டுடியோவிலேயே பேசி ஏத்திட்டோம் சார். பசங்க வாயசைச்சா போதும்." முகத்தில் அவ்வளவு பூரிப்பு. எனக்கு பஜ்ஜி தொண்டையில் நின்றது.

இப்படி வசனத்தைப் பதிவு செய்து ஓடவிடுவதைத்தான் ட்ராக் போடுவது என்கிறோம். 2011இல் இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். அப்போது என் கையில் இருந்தது பென் டிரைவ் அல்ல, சிடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பரிதாபப் பேச்சு பேசாதீர்கள், 'ஊனமுற்றோர்' என்று ஃபிளக்ஸில் அடிக்காதீர்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் இப்போது எல்லாச் சங்கத்துக்கும் தெரியும். தெரிந்தவர்களே, நல்ல மனதோடே செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

வசனத்தைப் பதிவு செய்து ஓடவிடுவது

அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது அரிச்சந்திரன். முழுக்கதை இல்லை, மயான காண்டம் மட்டும், 25 நிமிடம். அரிச்சந்திரனாக நடித்தவருக்கு அப்போது 26 வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். அவருக்கு நாக்கு, உதடு, தாடை, மூச்சு நான்கையும் ஒரே நேரத்தில் இசைந்து போகவைக்கிற தசைக் கட்டுப்பாடு சரியாக அமையவில்லை. அதனால் பேச்சு மெதுவாக, இழுபட்டு வரும். கேட்டுப் பழகாதவர்கள் அறிவிலும் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார்கள். அவரோ தன் வசனத்தோடு சந்திரமதி வசனத்தையும் சேர்த்து மனப்பாடமாக வைத்திருந்தார். அந்தப் பெண் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

சுடுகாட்டுக் காவலனாக நிற்கும் அரிச்சந்திரன், எதிரே நிற்பவள் தன் மனைவி என்று தெரியாமல், "கால் பணமும் முழத்துண்டும் கொடுத்தால்தான் பிணத்தை எரிக்க விடுவேன்" என்று சொல்வான். அந்த ஒரு வரியைச் சொல்ல எங்கள் அரிச்சந்திரனுக்குப் பதினெட்டு நொடி ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்போது என் புத்தி அப்படி.

கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் போனால் 25 நிமிட நாடகம் 50 நிமிடம் ஆகும். மண்டபம் எட்டு மணி வரைதான். சங்கத்தின் மாவட்ட ஆளுநர் (மாவட்டத்துச் சங்கங்களுக்கெல்லாம் தலைவர்) ஏழரைக்குக் கிளம்பவேண்டும். ஜனங்களுக்குப் பேச்சு புரியாமல் போனால் சலசலப்பு வரும், அது அவருக்கே அவமானம் என்று வேறு சமாதானம் சொல்லிக்கொண்டேன். சங்கத்தில் கம்பீரமான குரல் உள்ள ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய், ஆறாயிரம் ரூபாய் செலவில் அரிச்சந்திரன் வசனத்தைப் பேசவைத்தேன். நடிகரிடம் கேட்டேனா? 'சொன்னேன்'. அவர் தலையாட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா அன்று ட்ராக் ஓடியது. அவர் வாயசைக்கவில்லை, பேசினார். மைக் இல்லாமல், தன் குரலில், தன் வேகத்தில். ஸ்பீக்கரில் நாலே நொடியில் வரி முடிந்து சந்திரமதி அழுகை வந்துவிட்டது. இவர் இன்னும் 'முழத்'தில் இருந்தார். அடுத்த வரியைப் பிடிக்கப் பார்த்தார், அதுவும் போய்விட்டது. முன்வரிசையில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாயசைங்க, வாயசைங்க" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ட்ராக் முடிந்தது, மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது, திரை இறங்கியது. இறங்குகிற திரைக்கு இந்தப் பக்கம் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அப்புறம் ஆளுநர் வந்து பொன்னாடை போர்த்தினார்.

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. போன் செய்தேன், அம்மா எடுத்தார். "அவன் குரல் வேண்டாம்னா அவன் எதுக்கு சார்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆறாயிரம் ரூபாய் போனதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது "ட்ராக் ரெடி" என்றால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் ட்ராக் போடுவதைப் பார்த்துப் பார்த்து அதுதான் நாடகம் என்று நம் ஆட்கள் நினைத்துவிட்டார்கள். பேசச் சிரமப்படுகிற ஒருவர் ஊர் முன்னால் பேசுவதற்கென்று கிடைத்த ஒரே இடத்தில், அவர் வாயை மூடிவிட்டு இன்னொருவர் குரலை ஓடவிடுகிறோம். வேறெந்தத் தவறைச் செய்தாலும் மறுநாள் சரிசெய்யலாம்.

சரி, ஜனங்களுக்குப் புரியவேண்டுமே, அதற்கு என்ன வழி? வழி எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் ராத்திரி இரண்டு மணிக்குக் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேடக்காரர் ஒரு அடி பாடுகிறார். பின்னால் நிற்கிற பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். வசனம் வந்தால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து, "என்ன சொன்னீங்க மகாராஜா, கால் பணமா?" என்கிற மாதிரி திருப்பிக் கேட்கிறான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திடலின் கடைசி ஆள் வரைக்கும் கதை போய்ச் சேர்ந்தது இப்படித்தானே! பக்கத்திலேயே இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு நான் ஸ்டுடியோவைத் தேடிப் போயிருக்கிறேன்.

2013இல் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தேன். அதே மயான காண்டம். இந்தமுறை மூன்று பேர் பின்பாட்டு, ஒரு கட்டியங்காரன், ஒரு ஆர்மோனியம். அரிச்சந்திரன் வரியைச் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முடித்ததும் பின்பாட்டு அதை வாங்கிப் பாடும். வசனத்தையும் அவரோடு உட்கார்ந்து வெட்டினோம். எந்தச் சொல் நாக்குக்கு வசப்படும், எது படாது என்று அவருக்குத்தான் தெரியும். 'முழத்துண்டும்' வேண்டாம், 'துண்டு' போதும் என்றார். "கால் பணம். துண்டு. வை." மூன்றே துணுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் மைக்கில் கேட்டது. சுடுகாட்டில் நிற்கிறவன் அப்படித்தான் பேசுவான் என்று தோன்றியது. நாடகம் 47 நிமிடம். எழுந்து போனவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பஸ் பிடிக்க.

பேச்சே வராதவர்கள் நடிக்கிறார்கள் என்றால் படப் பலகை, எழுத்துப் பலகை, டேப்லெட் என்று அவர்கள் தினமும் எதை வைத்துப் பேசுகிறார்களோ அதுவே மேடைக்கும் வரட்டும். ராஜா பலகையில் விரல் வைத்துக் காட்ட, கட்டியங்காரன் படித்துச் சொல்லட்டும்.

மூன்று அடி மேடைக்கு எட்டு அடிப் பலகை

பந்தல்காரரிடம் "ரேம்ப் வேணும்" என்றால் எட்டு அடிப் பலகை ஒன்றைச் சாய்த்துவிட்டுப் போவார். அதில் சக்கர நாற்காலி ஏறாது, நாலு பேர் தூக்கவேண்டியிருக்கும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதுதான் சரிவுக் கணக்கு. மூன்று அடி மேடைக்கு 36 அடி. நடுவில் நின்று திரும்பச் சமதளமும் விட்டால் இன்னும் நீளும். நம் மண்டபங்களில் அவ்வளவு இடம் இருக்காது.

அதனால் நாங்கள் மேடையையே விட்டுவிட்டோம். தரையில் ஆடுகிறோம், சுற்றிலும் ஜனங்கள். கூத்துக்குத் தரைதான் களம், அதற்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. மேடையில் தலைவர்கள் உட்கார்ந்து கீழே பார்க்கட்டும்.

சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரத்தில், இருட்டில் நிறுத்துவது

காது கேளாதோர் பார்க்க வருகிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். நல்லது. நாடகம் தொடங்கியதும் விளக்கை அணைப்பார்கள். அவர் இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருப்பார். அவருக்கென்று தனி விளக்கு வேண்டும், நடிகர்களுக்கு அருகிலேயே இடம் வேண்டும், பின்னால் பூப்போட்ட திரை கூடாது. கை தெளிவாகத் தெரிய, தோல் நிறத்திலிருந்து எடுப்பாக மாறுபட்ட ஒரே நிறச் சட்டை போதும்.

இன்னொன்று. இந்திய சைகை மொழி என்பது தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது இல்லை. அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. 'எங்கே', 'யார்' போன்ற கேள்விச் சொற்கள் பெரும்பாலும் வாக்கியக் கடைசியில்தான் வரும். எதுகை மோனையோடு நீங்கள் எழுதிய வசனத்தை விழா அன்று மாலை கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். ஒரு ஒத்திகைக்காவது கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற விழா என்றால் மாற்றிக்கொள்ள இரண்டு பேர் தேவை.

பார்வையற்றோருக்கு மௌன நாடகம்

சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. பார்வையற்றோர் விடுதியிலிருந்து நாற்பது பேரை வேன் வைத்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, காது கேளாத பிள்ளைகளின் மௌன நாடகத்தைப் போட்டோம். முக்கால் மணி நேரம் அவர்களுக்கு ஃபேன் சத்தம்தான் நாடகம். 1925இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டார். ஊருக்கு ஊர் கண் சிகிச்சை முகாமும் கண்ணாடி வழங்குவதும் சங்க வேலையாகவே ஆனதில் அந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பார்வையோடு கேட்கும் திறனும் கிடையாது. அவர் எங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு.

இப்போது நாடகத்துக்கு அரை மணி முன்னால் அவர்களைக் களத்துக்கு அழைத்துவந்து கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, கத்தி, பாடை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுகிறோம். நடிகர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் குரலில் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். நாடகம் நடக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்வதைக் கட்டியங்காரன் பார்த்துக்கொள்கிறான். "அடடா, ராஜா துண்டை உதறுறாரே!" என்று அவன் சொன்னால் பார்வை உள்ளவர்களும் சிரிக்கிறார்கள்.

பேண்டு, பேப்பர் வெடி, புகை மிஷின்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இவை மூன்றும் கூடாது. முழு இருட்டும் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும், எழுந்து போகிற பிள்ளையை யாரும் உட்காரச் சொல்லி அதட்டவேண்டாம்.

மைக்செட்காரருக்குப் பணம், நடிகருக்குக் கேடயம்

நடிகருக்கும் பணம் கொடுங்கள்.

நாடகத்தின் நடுவில் தையல் மிஷின் வழங்குவது

செய்யாதீர்கள்.

சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளுவது

கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

ஜூன் 30

ரோட்டரி, லயன்ஸ் எதுவானாலும் சங்க வருடம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. புதுத் தலைவர் வருகிறார், பதவியேற்பு விழாவில் தன் திட்டங்களை அறிவிக்கிறார். போன தலைவர் தொடங்கிய நாடகம் அவர் பட்டியலில் இருக்காது. அவரைக் குறை சொல்லமாட்டேன், நான் தலைவராக இருந்தபோது முந்தையவரின் மரக்கன்றுத் திட்டத்தை அப்படித்தான் காயவிட்டேன்.

ஆனால் ஒரு நாடகக் குழு உருவாக ஒரு வருடம் போதாது. முதல் நாலு மாதம் ஒருவரையொருவர் பழகவே போய்விடும். பெற்றோர் நம்பி அனுப்ப இன்னும் கொஞ்ச நாள். டிசம்பர் 3ஐ மனதில் வைத்து ஆகஸ்டில் தொடங்குகிறவர்கள்தான் நேரம் போதாமல் ட்ராக் போடுகிறார்கள். பக்கத்து ஊர் தம்பிகள் தொடங்கியது செப்டம்பரில்.

எங்கள் சங்கத்தில் மூன்று வருடத்துக்கென்று தீர்மானம் எழுதி, மூன்று வருடத்துக்கும் வரப்போகிற தலைவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினோம். முதல் விழா இரண்டாம் வருடத்தில்தான் என்றும் அதிலேயே எழுதினோம். "முதல் வருஷம் போட்டோவுக்கு என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டார். பயிற்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னோம், பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு.

அந்தச் செயலாளர் தம்பிக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். "ஸ்டுடியோவுக்கு முழுப் பணமும் கொடுத்தாச்சே சார்" என்றார். பின்பாட்டுக்கு மூன்று பேரை நான் அழைத்துவருகிறேன், ஆர்மோனியமும் என்னுடையதே, நாடகத்தை ஜனவரிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். தலைவரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.